ஒரே கொட்டகை, இரண்டு போர்ஷே: 57-ஆம் நம்பர் காரின் கதை

ஒரே கொட்டகையில் கிடந்த இரண்டு பழைய போர்ஷே கார்கள். தங்க நிறத்தில் இருந்ததற்கு 14,500 யூரோ. சிவப்பாக இருந்ததற்கு 1,07,000 யூரோ. வாங்கியது வெளியாள் இல்லை, போர்ஷே கம்பெனியே. அந்தச் சிவப்புக் காருக்கு முன்பக்க ஃபெண்டர் இரண்டுமே கிடையாது. அடித்தகடு துருவேறி இற்றுப்போயிருந்தது. பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தால் பேசாமல் தராசை எடுத்துக்கொண்டு வந்திருப்பார்.

ஏழு மடங்குக்கு மேல் விலை வித்தியாசம். அது எங்கிருந்து வந்தது? சேஸிஸ் நம்பர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. அந்தக் கார் எது என்று நம்பர் சொன்னது. அது இன்னும் அந்தக் காராகத்தான் இருக்கிறதா என்பதைச் சாமான்கள் சொல்ல வேண்டும்.

போன் வந்த கதை

2014-ஆம் வருட இலையுதிர் காலம். ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. வீட்டில் சேர்ந்துபோன பழைய பொருட்களைப் பிரித்து, விலை பேசி விற்றுக்கொடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் குழு அங்கே படம்பிடிக்கப் போயிருந்தது. கொட்டகைக்குள் போர்ஷேயின் 911 மாடல் கார்கள் இரண்டு கிடந்தன. ஸ்டுட்கார்ட் நகரின் சுஃபன்ஹவுசன் பகுதியில் இருக்கும் போர்ஷே மியூசியத்துக்கு போன் போட்டு, இவற்றுக்கு என்ன விலை வரும் என்று கேட்டார்கள். இரண்டின் சேஸிஸ் நம்பரும் மியூசியத்துக்குப் போனது.

தங்க நிறக் கார் 1968-ஆம் வருடத்து 911 எல் என்று தெரிந்தது. நல்ல பழைய கார்தான், ஆனால் மியூசியம் ஓடிவந்து பார்க்கிற அளவுக்கு இல்லை. சிவப்புக் காரின் நம்பர் 300 057. ஏட்டைப் புரட்டியதும்தான் விஷயம் சூடுபிடித்தது. 1964 அக்டோபரில் செய்த கார் அது. அந்த மாடலுக்கு 911 என்ற பெயரே அப்போது வந்திருக்கவில்லை. 901 என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்தப் பெயர்க் கதை தெரிந்திருந்தால்தான் விலை புரியும். 1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் போர்ஷே தன் புதிய காரைக் காட்டியபோது அதன் பெயர் 901. ஒரு வருடம் கழித்து, 1964 செப்டம்பரில் உற்பத்தி ஆரம்பமானது. அடுத்த மாதமே பாரிஸ் கண்காட்சி. பேஜோ கம்பெனி குறுக்கே வந்தது. நடுவில் பூஜ்யம் வருகிற மூன்று இலக்கப் பெயர்கள் பிரான்ஸில் தங்களுக்கு உரியவை என்றது. 201, 403, 404 என்று பெயர் வைத்துப் பழகிய கம்பெனி, விடுமா? நவம்பர் 10-ஆம் தேதி போர்ஷேயின் உத்தரவு வந்தது: பூஜ்யத்தை எடு, ஒன்றைப் போடு. அதற்குள் 901 என்ற பெயரில் 82 கார்கள் செய்தாகிவிட்டது. பிராண்டன்பர்க் கொட்டகையில் இருந்தது அந்த 82-இல் ஒன்று.

இன்னொரு காரணமும் இருந்தது. போர்ஷேயின் பெயரை உலகம் முழுக்க நிலைநாட்டிய கார் 911, ஆனால் அதன் ஆரம்ப கால 901 ஒன்றுகூட அப்போது மியூசியத்தின் சேகரிப்பில் இல்லை. ஆகவே ஆள் அனுப்பி, நம்பரையும் காரின் நிலைமையையும் நேரில் பார்த்தார்கள். வெளி மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து விலை போட்டார்கள். அந்த விலைதான் மேலே சொன்ன 1,07,000. சொந்தக்காரருக்கு விஷயம் தெரியாது என்று அடிமாட்டு விலைக்கு அடித்துப் பிடுங்கவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும்.

நம்பர் சரி, சாமான்?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய கார் உலகத்தில் நம்பர் என்பது பாதி சாட்சி. தகட்டில் குத்திய எழுத்தை அரைத்து எடுத்துவிட்டு வேறு எண்ணைக் குத்துவது புதிய வித்தை இல்லை. ஒன்று மட்டும் சாதகம்: எழுத்தைக் குத்தும்போது அடி வாங்குவது மேற்பரப்பு மட்டுமல்ல, அதன் கீழே உள்ள உலோகமும் நெரிந்துபோகிறது. மேலே அரைத்து வழுவழுப்பாக்கினாலும் உள்ளே அந்த நெரிசல் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அமிலம் தடவியோ காந்த முறையிலோ பார்த்தால் பழைய எண் மங்கலாகத் தலைகாட்டும். போலீஸ் தடயவியலில் இருந்து வந்த இந்த முறையை இன்று லட்சங்களில் விலைபோகும் கார்களை வாங்குகிறவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

நம்பர் மெய் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நம்பர் குத்தியிருக்கிற ஒரு முழம் தகட்டைத் தவிர மீதி எல்லாமே வேறு காரிலிருந்து வந்திருக்கலாமே? அதனால்தான் ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்தக் காலத்து ஜெர்மன் கார்களில் இது நாம் நினைப்பதைவிடச் சுலபம். பாகம் செய்து கொடுத்த கம்பெனிகள் தேதி போட்டே அனுப்பின. ஓடோமீட்டர், ஆர்பிஎம் மீட்டர் போன்றவற்றைச் செய்த விடிஓ கம்பெனி, மீட்டரின் முதுகுப் பக்கம் மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். இரும்பு வீல்களிலும் அதே மாதிரி குத்தியிருப்பார்கள். பாஷ் கம்பெனியின் மின்சாதனங்களிலும் தேதி உண்டு. கார் 1964 அக்டோபரில் வெளியே வந்தது என்றால் அதன் மீட்டரில் 64-ஆம் வருடத்தின் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது மாதம் இருந்தால் பொருத்தம். சாமான் கொஞ்சம் முன்னாடி செய்து, ஸ்டோரில் கிடந்து, பிறகு காரில் ஏறியிருக்கும். 66 என்று இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். 64-இன் பன்னிரண்டாவது மாதம் என்றாலும் அதே கதைதான். கார் பிறந்த பிறகு பிறந்த மீட்டர் அதில் எப்படி வரும்?

அப்புறம் கார்டெக்ஸ் என்கிற அட்டை. கார் தொழிற்சாலையை விட்டுப் போகும்போது எழுதி வைத்தது. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், கியர் பாக்ஸ் நம்பர், பெயின்ட் நிறம், உள்ளே சீட் துணி, யாருக்கு விற்றது, எல்லாம் அதில் வரும். வண்டியில் இருக்கிற இன்ஜின் நம்பரும் அட்டையில் உள்ளதும் ஒன்றென்றால், நம்ம ஊரில் ஆர்சி புக்கில் சேஸிஸ், இன்ஜின் இரண்டும் ஒத்துப்போவது மாதிரி. அந்த அட்டை ஒருவிதத்தில் காரின் ஜாதகம்.

911-க்கு முந்தைய 356 மாடலில் இன்னும் அழகான ஒரு வழக்கம். பானெட், கதவு போன்றவற்றை ஒவ்வொரு காருக்கும் கையால் இழைத்துப் பொருத்தினார்கள். ஒரு காரின் கதவு இன்னொரு காரில் சரியாக உட்காராது. கலந்துவிடாமல் இருக்க, காரின் நம்பரின் கடைசி இலக்கங்களை அந்தந்தப் பாகத்தில் குத்திவைத்தார்கள். அறுபது வருடம் கழித்து பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறவருக்கு அந்த இரண்டு மூன்று இலக்கங்கள் கிடைத்தால் அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி.

புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணியும் உண்டு. பழைய 911-இன் ஏதோ ஒரு மூடியைக் கழுவித் துடைத்தால் 901 என்று தொடங்கும் எண் தெரியும். 82-இல் ஒன்று நம்மிடம் சிக்கிவிட்டது என்று மனசு துள்ளும். துள்ள வேண்டாம். பின்பக்கப் பெயரைத்தான் மாற்றினார்களே தவிர, பாக எண்களை மாற்றவில்லை. பேஜோவுக்குப் பயந்து ஸ்டோர் ரூம் ஏடு முழுவதையும் திருத்திக்கொண்டா உட்கார்ந்திருப்பார்கள்? 1960-களின் பிற்பகுதி 911-களிலும் 901 என்று தொடங்கும் சாமான்கள் ஏராளமாக உண்டு.

அது ஏமாற்றும் என்றால், உண்மையிலேயே உதவுவது கார்புரேட்டர். ஆரம்ப கால 911-இல் ஆறு சிலிண்டருக்கும் ஆளுக்கொன்றாக ஆறு சோலெக்ஸ் கார்புரேட்டர்கள். டியூன் செய்வது தலைவலி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நடுவில் ஒரு இடத்தில் இழுக்காமல் திணறும். 1966-இல் போர்ஷேயே வெபர் என்ற வேறு கம்பெனியின் கார்புரேட்டருக்கு மாறிவிட்டது. பழைய வண்டி வைத்திருந்தவர்களும் சோலெக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெபரை மாட்டினார்கள். அன்று அது புத்திசாலித்தனம். இன்று அந்தக் குப்பைக் கூடையில் போன சோலெக்ஸ் செட்டைத் தேடி உலகம் சுற்றுகிறார்கள். நன்றாக ஓடியது மாற்றப்படவில்லை, சரியாக ஓடாததுதான் மாற்றப்பட்டது. ஆகவே ஒரிஜினல் சாமானில் அரிதாக மிஞ்சுவது பல நேரம் உள்ளதிலேயே மோசமான சாமான்தான். இந்த வேடிக்கையைப் பழைய கார்க்காரர்கள் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை.

57-ஆம் நம்பர் காருக்கு வருவோம். பத்துக் கை மாறி, ஒவ்வொரு கையும் மேம்படுத்தி விட்டுப்போகும் கார்களில்தான் ஒரிஜினல் சாமான் காணாமல் போகும். கொட்டகையில் பல வருடம் யாரும் தொடாமல் கிடந்த காருக்கு அந்த ஆபத்து இல்லை. துரு தகட்டைத் தின்னும். மீட்டரை மாற்றிவிட்டு 66-ஆம் வருடத்து மீட்டரை வைக்காது.

மூன்று வருட வேலை

மீட்டெடுக்க மூன்று வருடம் ஆனது. பழைய பெயின்டை ரசாயனத்தில் உரித்தார்கள். துருவேறிய இடங்களை வெட்டி எடுத்துவிட்டு, அதே காலத்து வேறொரு காரிலிருந்து எடுத்த பாடி பாகங்களை வைத்து அடைத்தார்கள். பாடி வேலை மட்டும் ஒரு வருடம். இன்னொரு பக்கம் இன்ஜின், கியர் பாக்ஸ், ஒயரிங், உள் அலங்காரம் எல்லாம் தனித்தனி ஆட்களிடம் போனது. இவர்கள் எல்லாருக்கும் ஒரே விதி: பழைய சாமானோ, சாமானின் துண்டோ, எது மிஞ்சியிருந்தாலும் முடிந்தவரை அதையே வைக்க வேண்டும், புதுசு மாட்டக் கூடாது. இது எழுதுவதற்குச் சின்ன விதி, செய்வதற்கு மகா சிரமம். புது பாகம் என்றால் எடுத்து மாட்டினால் முடிந்தது. பாதி மிஞ்சிய பாகத்துக்கு மீதிப் பாதியைச் செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு துரு என்று கேட்கலாம். போர்ஷே தன் 911-இன் பாடி முழுவதையும் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்ய ஆரம்பித்தது 1976 மாடலில் இருந்துதான். 1964-இல் வந்தவை வெறும் இரும்பு. பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டும் நாட்டில் வெறும் இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாடி தயாரானதும் செய்த ஒரு காரியத்தில்தான் எனக்குச் சின்ன உறுத்தல். இன்றைய புதிய போர்ஷே கார்களை எந்தத் தொட்டியில் முக்கி மின்சாரத்தின் உதவியால் பிரைமர் ஏற்றுகிறார்களோ, அதே வழியில் 57-ஐயும் அனுப்பினார்கள். அதன் மேல்தான் பழைய சிக்னல் சிவப்பு. காரின் ஆயுளுக்கு அது நல்லதுதான். மியூசியத்தில் நிற்கிற கார் மறுபடியும் துருப்பிடித்தால் சிரிப்பார்கள். ஆனால் மீட்டரின் பின்னாலிருக்கும் தேதிக்கு அவ்வளவு மெனக்கெட்டவர்கள், 1964-இல் இல்லாத ஒரு பூச்சைத் தகடு முழுக்க ஏற்றினார்கள் என்பதும் உண்மை. ரசாயனத்தில் உரிக்கும்போது போனது துருவும் பெயின்டும் மட்டுமல்ல. பழைய தகட்டில் வேலைக்காரர் சாக்பீஸில் எழுதிய குறிகள், பிரஷ்ஷால் இழுத்த சீலர் கோடு, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த பெயின்ட் அடுக்குகள், இவை எந்தக் காரில் இருந்தாலும் அந்தத் தொட்டியில் கரைந்துதான் போகும். அவ்வளவு துருவேறிய பாடிக்கு வேறு வழி இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். நான் சொல்ல வருவது, ஒரிஜினலைக் காப்பாற்றுவதற்காகவே கொஞ்சம் ஒரிஜினலைக் கழுவி ஊற்ற வேண்டியிருந்தது என்பதைத்தான்.

2017 டிசம்பர் 14 முதல் 2018 ஏப்ரல் 8 வரை மியூசியத்தில் இந்தக் காருக்காகவே தனிக் கண்காட்சி வைத்தார்கள். 130 குதிரைத் திறன், 1,991 சிசி, காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர். இன்றைய சாதாரண குடும்பக் கார்கள் பல இதைவிட வேகமாகக் கிளம்பும். அது வேறு விஷயம்.

நீதிமன்றம் எண்ணிய மூன்று சாமான்

இத்தனை வெட்டி ஒட்டிய பிறகு அது 57-ஆம் நம்பர்தானா? இந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் சொன்னது ஒரு இங்கிலாந்து நீதிபதி, வேறொரு கார் விஷயத்தில்.

அந்தக் கார் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். ஓல்ட் நம்பர் ஒன் என்று செல்லப் பெயர். 1929-இல் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும், 1930-இல் பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் அதை ஓட்டி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றார்கள். 1932-இல் எட்டு லிட்டர் இன்ஜினை ஏற்றி இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டியபோது விபத்து. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். அதன் பிறகு கார் மறுபடி கட்டப்பட்டது, பாடி மாறியது, இன்னொரு முறையும் மாறியது.

1990 ஏப்ரலில் ஒரு கோடி பவுண்டுக்கு இதை விற்க ஒப்பந்தம் ஆனது. வாங்க ஒப்புக்கொண்ட கம்பெனி பின்னால் பின்வாங்கியது. இது ஓல்ட் நம்பர் ஒன்னே இல்லை, சாமான் எல்லாம் மாறிப்போன கார் என்றது. வழக்கு நீதிபதி ஓட்டன் முன் வந்தது. அவர் சாமான் கணக்கே எடுத்தார். 1929-இல் லெ மான் ஓடிய காரிலிருந்து இன்று மிஞ்சியவை மூன்று: பெடல் ஷாஃப்ட், கியர் பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு. 1930-ஆம் வருடத்துக் காரிலிருந்து இன்னும் சில கூடும்: முன் ஆக்சில், பின் ஆக்சில் கூடு, பிரேக், 22 கேலன் பெட்ரோல் டேங்க், ஷாக் அப்சார்பர்கள். சேஸிஸும் இன்ஜினும் 1932-ஐச் சேர்ந்தவை. பாடி பிற்காலத்து நகல்.

இவ்வளவு எழுதிவிட்டு அவர் சொன்ன தீர்ப்பு, கம்பெனி காரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது. ஒரிஜினல் என்ற சொல்லை அவர் கொடுக்கவில்லை. ஆனால் சாமான்கள் கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட காலத்தில் மாறியதால் எந்தக் கட்டத்திலும் கார் தன் அடையாளத்தை விட்டுவிடவில்லை என்றார். அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு பென்ட்லி எதுவும் இல்லை. விற்பனைக்கு வந்தது உலோகம் மட்டுமல்ல, அதன் வரலாறும் பெயரும்கூட.

இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு 57-ஐப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. பென்ட்லி ஓடிக்கொண்டே மாறியது. ஒவ்வொரு சாமானும் ஒரு பந்தயத்திலோ விபத்திலோ போனது. 57-க்கு அப்படி வரலாறு கிடையாது, லெ மானும் கிடையாது. அது பெருமைப்படக் கூடியது 1964 அக்டோபரில் செய்யப்பட்டது என்ற ஒன்றுதான். அந்த மாதிரிக் காருக்கு ஓட்டனின் அளவுகோல் போதாது. மூன்று சாமான் மிஞ்சினால் போதும் என்று அதற்குச் சொல்ல முடியாது. அதன் கதை முழுவதும் தகட்டிலும் மீட்டரிலும் வயரிலும்தான் இருக்கிறது. மியூசியம் துண்டு துண்டாக மிஞ்சியதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டது அடம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு மிஞ்சுகிறது. 57-ஐ முழுசாக்க வெட்டப்பட்ட அந்த இன்னொரு பழைய காருக்கும் ஒரு சேஸிஸ் நம்பர் இருந்திருக்கும். அதன் மீட்டர் முதுகிலும் ஒரு மாதம், ஒரு வருடம் இருந்திருக்கும். ஸ்டுட்கார்ட் அட்டைகளில் அதற்கும் ஒன்று கிடக்கும், என்ன நிறம், யாருக்கு விற்றது என்று. மியூசியத்தில் அந்தக் காருக்கு முன்னால் நின்று சிவப்பு பெயின்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், அதன் அடியில் எந்தத் தகடு 57-உடையது, எது அந்த இன்னொரு காருடையது என்று தெரியப்போவதில்லை.